அந்த இடத்து வலியும் ஆறு கோர்ஸ் ஆன்டிபயாடிக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, பி.காம். படிக்கிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். ஆனால் ஒரு மனுஷன் ஒரே மாதிரி மாத்திரைக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து, அது வேலை செய்யாமல் போய், மறுபடியும் அதையே வாங்குகிறான் என்றால், அதைப் பற்றிப் பேச காமர்ஸ்காரனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மூலம் என்றால்கூட நம் ஊரில் வெளியே சொல்லிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் அதற்கு போஸ்டர் இருக்கிறது. ஆனால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறதே, அங்கே வலிக்கிறது என்று எந்த ஆம்பளையும் லேசில் வாய் திறக்க மாட்டான். அந்த இடத்துக்கு நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய ஒரு பெயர்கூட நம் பேச்சில் இல்லை. எங்கள் விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள், தெரியும்தானே? சாமிகிட்டயே சுருட்டை நீட்டுகிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்கிற ஊரில், டாக்டர் முன்னால் உட்கார்ந்து "இங்க வலிக்குது சார்" என்று கை காட்ட முடியவில்லை.

வலி எப்படி இருக்கும் என்றால், கல்லு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடிவயிறு, தொடை இடுக்கு, விதை, ஆணுறுப்பின் நுனி, இடுப்பின் பின்பக்கம் என்று இடம் மாறி மாறி வரும். அடிக்கடி ஒன்றுக்கு வரும், போனால் முழுசாகப் போன மாதிரி இருக்காது. விந்து வெளியேறும்போதோ அதற்கப்புறமோ வலிக்கும். ரெண்டு நாள் சும்மா இருக்கும், மூணாவது நாள் பழையபடி. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் டாக்டர்கள் 'நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி' என்கிறார்கள்.

புராஸ்டேட் என்றதும் அது தாத்தாக்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அறுபது வயதில் வருகிற வீக்கம் வேறு, இது வேறு. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள் சிறுநீரகத்துறைக்குப் போனால் டாக்டர்கள் அதிகமாக எழுதுகிற நோய்ப் பெயரே இதுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு ஆண்களில் 2 முதல் 10 பேருக்கு இந்த மாதிரித் தொந்தரவு இருக்கிறது. ஒரு வகுப்பில் 60 பசங்க இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (நம் வகுப்பை நினைத்துச் சிரிக்க வேண்டாம். யார் சிரிக்கிறானோ அவன் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும் :-))

வீட்டில் சொன்னால் "சூடு பிடிச்சிருக்கு" என்பார்கள். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு, காலையில் ஊறவைத்த வெந்தயம், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இதை நான் கிண்டல் செய்யவில்லை. இளநீர் குடிப்பதால் ஒரு நஷ்டமும் கிடையாது, இளநீர்க்காரருக்கு லாபம்தான். பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில் ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சொல்கிறேன். திருச்சி-மதுரை நாலுவழிச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர். நாளைக்குப் பத்து மணி நேரம் சீட்டில்தான். ஒருநாள் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ நெட்டுல எல்லாம் பாக்குற ஆளு. இது அந்த மாதிரி வியாதியா இருக்குமாடா?" என்று கேட்டார். 'அந்த மாதிரி' என்றால் எய்ட்ஸ். தப்பான வழிக்குப் போனவரும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வலி என்றாலே அதுதான் என்று அவராக முடிவு கட்டி, வீட்டில் அண்ணியிடம்கூடச் சொல்லாமல், எட்டு மாதம் தனியாகப் படுத்திருக்கிறார். அண்ணி வேறு ஏதோ நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

அந்த எட்டு மாதத்தில் அவர் பார்த்த கிளினிக்குகள் நான்கு. சாப்பிட்ட ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஆறு. பையில் பழைய சீட்டெல்லாம் வைத்திருந்தார், வாங்கிப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மறுபடி சிப்ரோ. எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். ஆறு கோர்ஸில் ஒருமுறைகூட சிறுநீர் கல்ச்சர் எடுக்கவில்லை. கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலேயே கிருமிக்கு ஆறு முறை மருந்து. சரக்கு வந்து இறங்கியதா என்று பார்க்காமல் ஆறு தடவை பில்லுக்குப் பணம் கட்டுகிற அக்கவுண்டண்டை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நூறு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒருவருக்கு மூன்று நிமிஷம்தான். 'புராஸ்டேட் அழற்சி' என்ற பெயரே கிருமி, சீழ், ஆன்டிபயாடிக் என்று மூளையைத் தள்ளிக்கொண்டு போகிறது. உண்மையில் இந்தப் பெயரைத் திருத்தி ரொம்ப நாளாகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் கூட்டம் போட்டு நோயை நான்காகப் பிரித்தது. முதல் வகை, குளிர் காய்ச்சலோடு திடீரென்று வருகிற கிருமித் தொற்று. இரண்டாவது, அதே கிருமி திரும்பத் திரும்ப வருவது. மூன்றாவது, கிருமியே கண்ணில் படாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி. நான்காவது, தொந்தரவே இல்லாமல் பரிசோதனையில் மட்டும் தெரிவது. வலியோடு வருகிறவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மூன்றாவது வகை. ஆன்டிபயாடிக் நிச்சயமாகத் தேவைப்படுவது முதல் இரண்டுக்கு.

மூன்றாவது வகையில் கிருமி ஒளிந்திருக்கலாம், நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். அதையும் சோதித்துவிட்டார்கள். 2003-ல் வந்த ஒரு ஆய்வில் வலி உள்ள 463 ஆண்களையும் வலியே இல்லாத 121 ஆண்களையும் எடுத்து, புராஸ்டேட்டில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். வலி உள்ளவர்களில் 8 சதவீதம் பேருக்கு இருந்தது. வலி இல்லாதவர்களில் 8.3 சதவீதம்! அப்புறம் 2004-ல், நாள்பட்ட வலி உள்ள 196 பேருக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின், டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெறும் மாவு மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மாவு மாத்திரையைவிட எதுவும் பெரிதாகச் சாதிக்கவில்லை. "அவர்களெல்லாம் பழைய கேஸ், ஏற்கெனவே எல்லா மருந்தும் பார்த்தவர்கள், அதனால்தான்" என்றார்கள். சரி என்று 2008-ல் புதிதாக நோய் கண்டறிந்த 272 பேரைச் சேர்த்து அல்ஃபுசோசின் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குக் குறைந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 49 சதவீதம்.

இந்த 49 எனக்கு ரொம்பப் பிடித்த எண். ஏனென்றால் அண்ணன் ஏன் ஆறு தடவை ஏமாந்தார் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. இந்த வலி தானாகவே ஏறி இறங்கும். ரொம்ப முற்றும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அங்கிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். கூடவே "மருந்து சாப்பிடுறோம், சரியாயிடும்" என்ற தெம்பு சேரும். போதாததற்கு இந்த ஃப்ளோரோகுவினோலோன் வகை மருந்துகளுக்குக் கிருமியைக் கொல்வதைத் தவிர அழற்சியைக் குறைக்கிற குணமும் கொஞ்சம் உண்டு. பத்து நாளில் நல்லாயிடுச்சு என்று தோன்றும். மூன்று வாரத்தில் திரும்ப வரும்போது, "போன தடவை இதுல கேட்டுச்சு, ஆனா டோஸ் பத்தல" என்று அடுத்த கோர்ஸ். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். போன பணம் போனது, அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்பது பாடம். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுவோம். மெடிக்கல் ஷாப் வாசலில் யாருக்கும் ஞாபகம் வராது.

செலவு பணத்தோடு நின்றால் பரவாயில்லை. இந்த வகை மருந்துகளால் தசைநார் அறுந்துபோகலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2008-ல் பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 2013-ல் நரம்பு பாதிப்பு பற்றிய எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. 2016-ல், சைனஸ், சாதாரண சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தொடாதீர்கள் என்றே சொல்லிவிட்டது. நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே காசநோய் சிறுநீர்ப் பாதையிலும் வரும். இந்த மருந்துகள் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்குவதால், காசநோய் இருப்பதே தாமதமாகத் தெரியலாம். ஆக, கல்ச்சர் எடுக்காமல் கொடுக்கிற கோர்ஸ், கிருமி இல்லாதவனுக்கும் கெடுதல், கிருமி இருக்கிறவனுக்கும் கெடுதல்.

அப்படியென்றால் வலி எங்கிருந்துதான் வருகிறது? ஒரே விடை இல்லை, அதுதான் இந்த நோயின் தொல்லை. பலருக்கு இடுப்புக்குழியின் அடித்தளத்தில் தொட்டில் மாதிரி விரிந்திருக்கிற தசைகள் இறுகிப்போய்க் கிடக்கின்றன. நாள் முழுக்க தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறதே, அது மாதிரி கீழே. பயம், டென்ஷன், மணிக்கணக்கில் உட்கார்வது, மலச்சிக்கல், அடக்கி வைப்பது என்று எல்லாமே அந்தத் தசையை இறுக்கும். வலி நீடித்தால் நரம்புகளே கூச்சம் எடுத்துப்போய், சின்ன உணர்ச்சியையும் வலியாக மூளைக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். வலி வந்தால் பயம், பயந்தால் இறுக்கம், இறுகினால் வலி. இதை வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். தசை இறுகியிருப்பதை டாக்டர் விரலால் தொட்டே உணர முடியும்.

வைத்தியமும் ஆளுக்கு ஆள் மாறத்தான் வேண்டும். இதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் டாக்டர்கள் 'யூபாயிண்ட்' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். சிறுநீர்த் தொந்தரவு, மனநிலை, புராஸ்டேட், கிருமி, நரம்பு, தசை என்று ஆறு கட்டம். எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறதோ அதற்கு மட்டும் சிகிச்சை. சிறுநீர் தடைபட்டால் டாம்சுலோசின் மாதிரி மருந்து, கல்ச்சரில் கிருமி வந்தால் மட்டும் ஆன்டிபயாடிக், தசை இறுகியிருந்தால் பிசியோதெரபி. 2010-ல் இப்படி 100 பேருக்குச் செய்து பார்த்ததில் 84 பேருக்கு, 43 மதிப்பெண் கொண்ட தொந்தரவு அளவுகோலில் குறைந்தது 6 புள்ளி இறங்கியது. இதிலும் ஓட்டை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மாவு மாத்திரைக் குழு இல்லை. நமது 49-ஐ மறந்துவிடக் கூடாது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துத் தோற்றதைவிட, ஆளைப் பார்த்துக் கொடுப்பது அறிவுக்கு ஒத்துப்போகிறது.

தசைக்கான பிசியோதெரபிக்கு ஆதாரம் சிறியது. 2009-ல் ஆண் பெண் சேர்த்து ஐம்பதுக்கும் குறைவானவர்களிடம் நடந்த சோதனையில், இடுப்புக்குழித் தசைகளைக் குறிவைத்துச் செய்த சிகிச்சையில் 57 சதவீதமும் சாதாரண மசாஜில் 21 சதவீதமும் தேறினார்கள். ஆண்களுக்கு மட்டும் பார்த்தால் சாதாரண மசாஜும் ஓரளவு கேட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்குபங்சர் என்றால் எனக்கே நம்பிக்கை கம்மி. ஆனால் 2021-ல் சீனாவில் 440 பேரிடம் நடந்த சோதனையில் நிஜ ஊசிக்கு 60.6 சதவீதம், பொய் ஊசிக்கு 36.8 சதவீதம் என்று வந்திருக்கிறது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணை மாற்ற முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2007-ல் வந்த இத்தாலி ஆய்வு. மற்ற வைத்தியங்களில் திருப்தி அடையாத, உட்கார்ந்தே வேலை பார்க்கிற 103 ஆண்கள். பாதிப் பேருக்கு வேகமான நடையை முக்கியமாகக் கொண்ட உடற்பயிற்சி, மீதிப் பேருக்குக் கை கால் நீட்டும் லேசான பயிற்சி. 18 வாரம். இரண்டு பக்கமும் குறைந்தது, நடந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மாத்திரையும் இல்லை, பில்லும் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னபோது, "எட்டு மாசம் மாத்திரைக்குக் குடுத்த காசுல நல்ல செருப்பு நாலு ஜோடி வாங்கியிருப்பேனேடா" என்றார்.

அண்ணன் கதையில் ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டேன். நாலாவது கிளினிக்கிற்கும் அப்புறம் அவர் ஒரு லாட்ஜுக்குப் போனார். மாதத்துக்கு ஒருமுறை ரூம் போட்டு உட்கார்கிற வைத்தியர். நாடி பிடித்துவிட்டு, சின்ன வயசில் செய்த தப்பால் தாது நஷ்டம், நரம்பு தளர்ந்துவிட்டது, இப்படியே விட்டால் குடும்பம் நடத்த முடியாது என்று ஒரு பாட்டம் பாடியிருக்கிறார். லேகியம், எண்ணெய், பொடி. இரண்டு மாதச் சம்பளம் அங்கே போனது. விந்து வெளியேறினால் உடம்பு கெடும் என்ற பயம் இந்தியாவில் எவ்வளவு பழையது என்றால், மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். நம் 'தாது'வேதான் அது. வலியோடு போகிறவனுக்கு மேலே ஒரு பயத்தையும் ஏற்றி அனுப்புகிறார்கள். பயம் ஏறினால் தசை என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். அதாவது காசும் வாங்கிக்கொண்டு நோயையும் வளர்த்து விடுகிறார்கள்.

இதற்குச் சட்டமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் கடைசியில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆண்மைக்குறைவு இருக்கிறது, பால்வினை நோய்கள் இருக்கின்றன, புராஸ்டேட் சுரப்பிக் கோளாறுகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. எழுபது வருஷச் சட்டம்! இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் உச்ச நீதிமன்றம் போய், 2024-ல் பதஞ்சலி மாதிரி பெரிய கம்பெனியே பேப்பரில் மன்னிப்பு விளம்பரம் போட வேண்டி வந்தது. ஆனால் லாட்ஜ் வாசல் நோட்டீசுக்கும் நடுராத்திரி டி.வி. நிகழ்ச்சிக்கும் இந்தச் சட்டம் எட்டவில்லை. புகார் கொடுக்க வேண்டியவன் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், அதுதான் அவர்களுடைய முதலீடு.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வே 2013 முதல் 2021 வரை மாநில சுகாதார அமைச்சராக இருந்தார். 2017-ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது பிசியோதெரபிஸ்டுகள் கிராமங்களில் வீடு தேடியே போனார்கள். முட்டி வலிக்கும் பக்கவாதத்துக்கும் போகிற அதே பிசியோதெரபிஸ்டுக்கு, இடுப்புக்குழித் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் கூடச் சொல்லிக் கொடுத்தால் என்ன? புதுக் கட்டடம் வேண்டாம், புது மிஷின் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் இந்த வலியோடு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு சிறுநீர் கல்ச்சர், இரண்டாவது தடவை வந்தால் பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு. இந்த இரண்டையும் விதியாக்கினாலே அண்ணனைப் போன்றவர்களின் எட்டு மாதம் மிச்சமாகும்.

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். கடைசியில் திருச்சியில் ஒரு சிறுநீரகத்துறை டாக்டரைப் பார்த்தார். கல்ச்சரில் கிருமி இல்லை. எச்.ஐ.வி. சோதனையும் எடுத்து, இல்லை என்று தாளில் பார்த்த அன்றே பாதி வலி போனதாகச் சொல்கிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டி இறங்கி நடக்கிறார். ராத்திரி அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிஷம் உட்காருகிறார், வயிறு வரை மூச்சு இழுத்து விடுகிறார். வலி முழுசாகப் போகவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் வரும். வந்தால் பயப்படுவதில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

பி.கு: 1) ஆண்களுக்கு நல்லது என்று 'கீகல்' பயிற்சி வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அது தசையை இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிப்போய் வலிக்கிறவர்கள் அதைச் செய்தால் வலி கூடலாம். இவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

2) குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தம், விதையில் கட்டி, திடீரென்று விதையில் கடுமையான வலி. இதில் எது வந்தாலும் நான் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. திடீர் விதை வலி என்றால் மணிக்கணக்கு முக்கியம், காய்ச்சலும் அடைப்பும் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதல் வகைத் தொற்றாக இருந்தால் அங்கே கொடுக்கிற ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைகூட விடாமல் முடிக்க வேண்டும்.